ஸ்ரோர் ரூம் என்று நான் எழுதிய அறை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் பணி அனுபவத்தை எழுதித் தரும்படி இந்தக் கட்டடக்கலை அலுவலகத்தில், எங்கள் பேச்சில் கந்தோரில், கேட்டார்கள். ஓய்வு பெற்ற கிழவனை எழுதச் சொல்வது ஒரு மரியாதைக்குத்தான் என்பது எனக்குத் தெரியும். இரண்டு பகிடி, ஒரு புத்திமதி, முடிவில் எல்லோருக்கும் வாழ்த்து. அதை எதிர்பார்ப்பவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

பழைய கட்டடத்தை எப்படி அளப்பது, எப்படிப் படம் கீறுவது என்று நான் சொல்லப் போவதில்லை. நாங்கள் நாடாவின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க அளந்ததை உங்கள் கையிலிருக்கும் லேசர் நிமிடக் கணக்கில் அளந்துவிடும். அதெல்லாம் ஒரு கிழமையில் கைக்கு வந்துவிடும். எனக்குக் கடைசிவரை கைக்கு வராத ஒன்று இருந்தது. அதை ஒரு வீட்டை வைத்துச் சொல்கிறேன்.

ரொறன்ரோவில் பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட, புளோர் வீதிக்கு வடக்கே, சிவப்புச் செங்கல்லும் மண்ணிறக் கல்லுமாகக் கட்டிய பெரிய வீடு. ஒரு மூலையில் வட்டமான கோபுரம். போன நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் கடைசியில் ஒரு வியாபாரி தன் குடும்பத்துக்காகக் கட்டியது. பிறகு அதை ஒரு மாணவர் சங்கம் வாங்கியது. மூன்று கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொண்டு, ஒன்றாக ஒரே வீட்டில் தங்கிக் குடித்துக் கூத்தடித்து, ஒருவரையொருவர் சகோதரன் என்று கூப்பிடுகிற சங்கங்கள் இங்கே உண்டு. ஃபிரட்டேர்னிட்டி என்பார்கள். அப்படியொரு சங்கத்தின் வீடு. இன்று அதன் வாசலில் வெண்கலத் தகடு பதித்திருக்கிறார்கள். இந்தக் கந்தோரின் பெருமைகளில் ஒன்றாக அந்த வீட்டை உங்களுக்கும் காட்டியிருப்பார்கள். படங்கள் முழுக்க நான் கீறியவை. அந்தத் தெருவால் நான் நடப்பதில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் அந்த வேலை எங்களிடம் வந்தது. நான் யாழ்ப்பாணத்தில் கட்டடத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்தவன். இங்கே அகதியாக வந்து மூன்று வருடம் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிய பிறகுதான் இந்தக் கந்தோரில் இடம் கிடைத்தது. அப்போது இதை நடத்தியவர் ஒரு பெண் கட்டடக்கலைஞர், நான் அம்மையார் என்று சொல்பவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். குரலை உயர்த்தாமல் ஆளை உரித்துவிடுவார். அவரிடம் கற்றது போல் நான் வேறு யாரிடமும் கற்றதில்லை. அவரிடம் சொன்னது போல் வேறு யாரிடமும் பொய் சொன்னதுமில்லை.

சங்கத்தின் பழைய உறுப்பினர்கள் சேர்ந்து அமைத்த ஒரு குழுவுக்குத்தான் வீடு சொந்தம். தலைவர் ஒரு வயதான வழக்கறிஞர். அந்த இடத்தில் அடுக்குமாடி கட்ட ஒரு கொம்பனி கேட்டுக்கொண்டிருந்தது. விற்றுவிடுவோம் என்று பாதிப்பேர், விடமாட்டோம் என்று பாதிப்பேர். விடமாட்டோம் என்றவர்களுக்கு இந்த வழக்கறிஞர் தலைமை. நகரசபை அந்த வீட்டை மரபுக் கட்டடம் என்று அறிவித்துவிட்டால் யாரும் இடிக்க முடியாது. அதற்கு வீட்டின் வரலாறு வேண்டும், நிலைமை அறிக்கை வேண்டும், ஒவ்வொரு தளத்துக்கும் அளந்து கீறிய படம் வேண்டும். அந்தப் படம்தான் என் பொறுப்பு.

முதல் கிழமையே வாங்கிக் கட்டிக்கொண்டேன். முன் மண்டபத்தின் தரை ஒரு பக்கம் சரிந்திருந்தது. கோபுரத்தின் சுவரும் முழு வட்டமாக இல்லை, ஒரு இடத்தில் வயிறு தள்ளியிருந்தது. திணைக்களத்தில் பழகிய கை அல்லவா, இரண்டையும் நேராக்கி வடிவாகக் கீறிக் கொடுத்தேன். அம்மையார் படத்தைப் பார்த்தார். நாடாவை எடுத்துக்கொண்டு என்னோடு அந்த வீட்டுக்கு வந்தார். தானே முழங்காலில் நின்று அளந்தார். வீடு சரிந்திருந்தால் சரிந்தபடிதான் கீற வேண்டும், நீ திருத்திக் கீறினால் நாளைக்கு வருகிற தச்சன் உன் படத்தை நம்பித்தான் மரம் வெட்டுவான், வீட்டை நம்பி அல்ல என்று சொன்னார். அன்றைக்குச் சுருக்கென்றிருந்தது. நல்ல பாடம் என்று இரண்டு நாள் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். பாடம் கேட்பது சுகம்தான்.

வீட்டின் உள்பக்கம் ஒரு கண்றாவி. ஓக் மரத்தில் செதுக்கிய படிக்கட்டின் பலகைகளுக்கு ஏதோ ஒரு கொண்டாட்டத்துக்காகக் கறுப்புப் பெயின்ற் அடித்திருந்தார்கள். கம்பளத்தில் கால் வைத்தால் பியர் ஒட்டிச் சப்பாத்தைப் பிடித்து இழுக்கும். சுவர் முழுக்கப் படச் சட்டங்கள். ஒவ்வொரு வருடமும் சங்கத்தில் இருந்த எல்லோருடைய முகத்தையும் சின்னச் சின்னதாக அடுக்கி, கீழே பெயர் போட்டு, ஒரே சட்டத்தில் மாட்டுவது அவர்கள் வழக்கம். பெரிய போர்களுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயருக்குப் பக்கத்தில் சின்னச் சிலுவை இருக்கும். குடித்துவிட்டு யன்னலை உடைப்பார்கள், அந்தச் சட்டங்களில் மட்டும் கை வைக்க மாட்டார்கள். பேர் தெரியாத மனிதன் அந்த வீட்டில் ஒருவன்கூட இல்லை என்று வழக்கறிஞர் பெருமையாகச் சொன்னார். கோபுர அறையில் ஒரு கனூ வள்ளம் கிடந்தது. அது எப்படி உள்ளே வந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கதவாலும் வராது, யன்னலாலும் வராது.

நிலத்துக்குக் கீழே இருந்த பேஸ்மென்ற்றுக்கு இறங்கிய அன்றுதான் மீன் கொதிக்கிற மணம் வந்தது. எங்கள் மணம். பெரிய சமையலறையில் மாணவர்களுக்கு இறைச்சி ஓவனில் வெந்துகொண்டிருக்க, ஒரு மூலையில் சின்னச் சட்டியில் தனக்கு மட்டும் மீன் ஆணம் வைத்துக்கொண்டிருந்தார் சாமித்தம்பி அண்ணை. மட்டக்களப்பு ஆள். ஐம்பதை எட்டிக்கொண்டிருந்த வயது. ஒன்பது வருடமாக அந்த வீட்டின் சமையற்காரர். மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் ஊரில். என்னைக் கண்டதும் தமிழா என்றுகூடக் கேட்கவில்லை. இன்னொரு கோப்பையை எடுத்து வைத்தார்.

அவர் படுக்கிற இடம் வீட்டைச் சூடாக்குகிற பொயிலருக்குப் பக்கத்தில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஒரு கட்டில், ஒரு தட்டு, சாமிப்படம், ஊர்க் கலண்டர், சட்டை கொழுவ ஒரு ஆணி. கூரைக்குக் கிட்ட ஒரு சின்ன யன்னல், அதன் வெளிப்பக்கம் குழி. தலையை உயர்த்தினால் மழைத் தண்ணீரும் ஆட்களின் கால்களும் தெரியும். சம்பளத்தோடு சேர்த்து அந்த அறையைக் கொடுத்திருந்தார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை. வீட்டின் கடிதப் பெட்டியை மாணவர்கள் ஒழுங்காகத் திறப்பதில்லை என்று தன் கடிதங்களைக்கூட நகரின் கிழக்கே வோபர்னில் இருந்த ஒரு சொந்தக்காரரின் விலாசத்துக்கு எடுத்தார்.

அந்த வீட்டின் வரலாற்றை எனக்குச் சொன்னவர் அவர்தான். கனூவின் மர்மத்தை ஒரு நிமிடத்தில் அவிழ்த்தார். கோபுரத்தின் பழைய யன்னல் பெரிதாக இருந்ததாம், வள்ளத்தைக் கயிறு கட்டி அந்த யன்னலால்தான் உள்ளே இழுத்தார்களாம், பிறகு யன்னல் உடைந்தபோது மலிவாகச் சின்ன யன்னல் போட்டு மிச்சத்தை அடைத்தார்களாம். நான் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தேன், அவர் சொன்ன இடத்தில் அடைப்பு இருந்தது. ஒருமுறை கழிவுநீர்க் குழாய் அடைத்து பேஸ்மென்ற்றில் முழங்காலளவு தண்ணீர் ஏறியபோது, சங்கத்தின் பழைய கூட்டக் குறிப்புப் புத்தகங்களையும் படச் சட்டங்களையும் ஒவ்வொன்றாக மேலே சுமந்து காய வைத்தவரும் அவர்தான். மாணவர்கள் அப்போது விடுமுறையில். தன் கட்டிலும் பெட்டியும் கடைசியாகத்தான் ஏறின என்று சிரித்துக்கொண்டு சொன்னார்.

என் அறிக்கையில் கோபுர யன்னலைப் பற்றி 'வாய்வழித் தகவல்' என்று எழுதினேன். யாருடைய வாய் என்று எழுதவில்லை. புத்தகங்களைப் பற்றி 'நல்ல நிலையில் பேணப்பட்டுள்ளன' என்று எழுதினேன். யார் பேணினார் என்று எழுதவில்லை. இப்படித்தான் எழுதுவோம், நீங்களும் இப்படித்தான் எழுதப் பழகுவீர்கள். அதனால் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

தளப்படத்தில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு இலக்கமும் ஒரு பெயரும் போட வேண்டும். வெறுமனே விடக் கூடாது. பேஸ்மென்ற் படத்தில் எல்லாம் எழுதி முடித்து அந்த ஒரு அறைக்கு வந்தேன். படுக்கை அறை என்று எழுதினால் யன்னல் சின்னது, வெளியேற இரண்டாவது வழி இல்லை, சட்டப்படி அதில் ஆள் படுக்க முடியாது. நகரசபை கண்ணில் பட்டால் அவரை அங்கிருந்து எழுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஒருவரிடமும் கேட்கவில்லை, நானாக நினைத்தேன்.

உங்களில் சிலருக்கு இது விளங்கும், சிலருக்குத் தாய் தகப்பனைக் கேட்டால்தான் விளங்கும். யுத்த காலத்தில் எங்கள் ஊரில் வாசலில் துவக்கோடு வந்து நின்று உள்ளே யார் படுக்கிறது என்று கேட்பார்கள். உள்ளே படுத்திருப்பவனை இல்லை என்று சொல்ல வேண்டும். அது பொய் இல்லை, உயிர். இருக்கிற ஆளைப் பேப்பரில் வராமல் பார்த்துக்கொள்பவன்தான் அங்கே நல்ல மனிதன். அந்தப் பழக்கத்தை நான் விமானத்தில் கூடவே ஏற்றிக்கொண்டு வந்திருந்தேன். இந்த நாட்டில் தலைகீழ். இங்கே பேப்பரில் இருப்பவனைத்தான் அசைக்க முடியாது. வந்து இத்தனை வருடமாகியும் அது என் மண்டையில் ஏறவில்லை.

ஆகவே நான் நல்ல மனிதனாக நடந்துகொண்டேன். அறிக்கைக்கு ஒவ்வொரு அறையையும் புகைப்படம் எடுக்க வேண்டும். ஒரு நாள் காலையில் போய், கட்டிலை மடித்துப் பொயிலருக்குப் பின்னால் வைக்கச் சொன்னேன். சாமிப்படத்தைக் கழற்றச் சொன்னேன். கலண்டரைக் கழற்றச் சொன்னேன். சமையலறையிலிருந்து மாப்பெட்டியும் எண்ணெய்த் தகரமும் கொண்டுவந்து அந்த இடத்தில் நாங்கள் இரண்டு பேருமாக அடுக்கினோம். தான் படுக்கிற அறையைத் தன் கையாலேயே காலி செய்யும்படி அந்த மனிதனைச் செய்தேன். அவர் ஒரு வார்த்தை கேட்காமல் செய்தார். படம் எடுத்து முடித்த பிறகுதான் எதற்காக என்று கேட்டார்.

"இதை நான் சாமான் வைக்கிற ஸ்ரோர் ரூம் எண்டு போடுறன், அண்ணை. நீங்கள் இஞ்ச இருக்கிறது ஒருத்தருக்கும் தெரியவராது."

அவர் எண்ணெய்த் தகரம் ஒன்றைச் சுவரோடு நேராக்கி வைத்தார்.

"நான் இரிக்கிறது ஒத்தருக்கும் தெரியக் கூடாதா, தம்பி?"

"உங்கட நன்மைக்குத்தான் அண்ணை."

அவர் அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். படித்தவன் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் விட்டுக்கொடுத்ததை நான் நன்றி என்று நினைத்துக்கொண்டேன். அன்று வீட்டுக்குப் போகும்போது மனம் நிறைந்திருந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

அம்மையாரின் கண் சாதாரணக் கண் இல்லை. புகைப்படத்தை விளக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். சுவரில் சதுரமாக ஒரு வெளிறாத இடம் தெரிந்தது, சாமிப்படம் இருந்த இடம். சட்டை கொழுவும் ஆணியும் தெரிந்தது. இங்கே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். நிச்சயமா என்றார். நிச்சயம் என்றேன். சரி என்று தளப்படத்திலும் புகைப்படத்திலும் கையெழுத்து வைத்தார். அவருக்குப் பக்கத்தில் நானும் வைத்தேன். சரிந்த தரையைச் சரிந்தபடி கீறச் சொல்லி முழங்காலில் நின்றவர் அந்தப் பெண். என் வாயை நம்பித்தான் அந்த அறைக்கு அவர் இறங்கிப் போகவில்லை.

நகரசபையில் எல்லாம் சரிவந்தது. வீடு காப்பாற்றப்பட்டது. வழக்கறிஞர் எங்களுக்கு விருந்து வைத்தார், சமைத்தது சாமித்தம்பி அண்ணை. அடுத்த கோடை விடுமுறையில் திருத்த வேலை தொடங்கியது. பழைய பொயிலர் பழுதாகிக் கிடந்தது, புதியது போட வேண்டும், அதற்குக் கூடுதல் இடம் வேண்டும். வேலை எடுத்தவன் என் படத்தை விரித்துப் பார்த்தான். பொயிலருக்குப் பக்கத்தில் ஸ்ரோர் ரூம். நடுச்சுவரை உடைத்தால் வேலை முடிந்தது. தச்சன் உன் படத்தை நம்பித்தான் மரம் வெட்டுவான் என்று அம்மையார் சொன்னது எழுத்துக்கு எழுத்து நடந்தது. ஒரு திங்கட்கிழமை சாமித்தம்பி அண்ணை மரக்கறி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது அவருடைய சாமான்கள் பின் முற்றத்தில் கறுப்புப் பைகளில் கட்டியபடி கிடந்தன. வேலை முடியும்வரை சமையலும் இல்லை, நீங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். முடிந்த பிறகும் யாரும் கூப்பிடவில்லை.

அவர் அங்கே படுக்கிறார் என்பது வழக்கறிஞருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். ஆனால் தெரிவது வேறு, பேப்பரில் இருப்பது வேறு.

யாரோ சொல்லி அவர் இலவசச் சட்ட உதவி நிலையம் ஒன்றுக்குப் போயிருக்கிறார். அங்கே வேலை செய்த தமிழ்ப் பிள்ளை கெட்டிக்காரி. முறையற்ற அறையாக இருந்தாலும் ஒருவர் அதில் வாழ்ந்திருந்தால் முன்னறிவித்தல் இல்லாமல் வெளியே போட முடியாது, திரும்பக் குடியேற்றும்படியோ வேறு இடம் தரும்படியோ கேட்கலாம் என்று அவள் கண்டுபிடித்தாள். ஒன்றே ஒன்றுதான் வேண்டும், அவர் அங்கே வாழ்ந்தார் என்பதற்குச் சாட்சி. கடிதம் இல்லை, ஒப்பந்தம் இல்லை. அவருடைய கையால் வருடக்கணக்காகச் சாப்பிட்ட மாணவர்கள் படிப்பு முடித்துத் திசைக்கொன்றாகப் போய்விட்டார்கள், அவள் எடுத்த தொலைபேசிக்கு ஒருவனும் திரும்ப எடுக்கவில்லை. வழக்கில் எதிர்ப்பக்கம் அந்தச் சங்க வழக்கறிஞர் இரண்டு காகிதத்தை வைத்தார். ஒன்று என் படம், மற்றது மாப்பெட்டியும் எண்ணெய்த் தகரமும் தெரிகிற புகைப்படம். இரண்டின் அடியிலும் என் கையெழுத்து.

அந்தப் பிள்ளை எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அங்கிள், நீங்கள் கண்டதை வந்து சொன்னால் காணும். வேற ஒண்டும் வேண்டாம்."

நான் கந்தோர் மேசையில் இருந்தேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அம்மையார் யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தார். நான் போய் உண்மையைச் சொன்னால், கையெழுத்து வைத்துப் பொய்ப்படம் கொடுத்தேன் என்று என் வாயாலேயே சொல்வதாகும். அம்மையாரின் கையெழுத்தும் அதோடு சேர்ந்து நாறும். கந்தோருக்கு இனி யார் வேலை தருவார்கள், எனக்கு யார் தருவார்கள். வெக்ஸ்போர்ட்டில் வீடு வாங்கி இன்னும் வருடமாகவில்லை. திரும்பப் பெட்டி அடுக்கப் போவதா? இவ்வளவும் ஒரு மூச்சுக்குள் என் மண்டைக்குள் ஓடியது. நெருக்கடி என்று பெரிதாகச் சொல்வார்கள். உண்மையில் அது அவ்வளவு நேரம்தான் இருக்கும். யோசிக்க நேரம் தாருங்கள் என்றுகூட நான் கேட்கவில்லை.

"நான் பேப்பரில என்ன எழுதினனோ அதுதான், பிள்ளை."

அவள் நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்தாள். சாமித்தம்பி அண்ணை வழக்கில் தோற்றார்.

அதற்கடுத்த வருடம் நடந்ததைச் சொன்னால்தான் இந்தக் கதை முழுதாகும். வேறொரு பழைய வீடு, இதேபோல் பேஸ்மென்ற்றில் ஒரு அறை, அதில் ஒரு வயதான காவலாளி. அளக்கப் போனவன் எங்கள் கந்தோரின் இன்னொரு படவரைஞன், போலந்துக்காரன், ஒளிவு மறைவு தெரியாதவன். படுக்கை அறை என்று எழுதிக்கொண்டு வந்து நீட்டினான். அம்மையார் என்ன செய்வார் என்று நான் பார்த்தேன். அவர் பென்சிலை எடுத்தார். யன்னலின் அடிக்கட்டை இரண்டு அடி கீழே இறக்கினார். வெளிக் குழியை அகலமாக்கினார். ஆள் ஏறி வெளியேற ஒரு சின்னப் படி கீறினார். ஓரத்தில் ஒரு வரி எழுதினார்: இங்கே குடியிருப்பவருக்கு வேலை முடியும்வரை மாற்று இடம், முடிந்ததும் அவர் திரும்பி வருவார். தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. பிறகு வேறு வேலையைப் பார்க்கப் போனார்.

நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றேன். இரண்டு அடி. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அதே பென்சிலால் அதே இரண்டு அடியை அவர் சாமித்தம்பி அண்ணைக்கும் கீறியிருப்பார். அன்றைக்காவது அவரிடம் சொன்னேனா? இல்லை. அவர் இறக்கும்வரை சொல்லவில்லை. செத்த வீட்டுக்குப் போய் அவர் எனக்கு உண்மையாகக் கீறக் கற்றுத் தந்தவர் என்று பேசினேன். எல்லோரும் கண் கலங்கினார்கள்.

நீங்கள் பாடம் கேட்பீர்கள். ஒருவனுக்கு உதவி செய்கிறேன் என்று நீங்கள் பேப்பரில் எதையாவது மறைக்கப் போகும்போது, அவனைக் கேளுங்கள், உங்களுக்கு மேலே இருப்பவரைக் கேளுங்கள். இரண்டு பேரையும் கேட்காமல் செய்கிற உதவி உங்களுக்கே செய்வது. இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது. மிச்சத்தையும் கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு சனிக்கிழமை, வெக்ஸ்போர்ட்டில் தமிழ்ச் சாமான் கடையில் சாமித்தம்பி அண்ணையைக் கண்டேன். ஒளிக்க இடம் இருக்கவில்லை. தலை நரைத்திருந்தது. ஏதோ உணவுத் தொழிற்சாலையில் வேலை, வோபர்னில் அப்பார்ட்மென்ற், மனைவியும் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள் என்றார். ஏசுவார் என்று காத்துக்கொண்டு நின்றேன். ஏசவில்லை. என் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். பிறகு கையிலிருந்த கூடையைக் கீழே வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னார்.

சில கிழமைகளுக்கு முன் அந்தச் சங்க வீட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டிருந்தார்கள். இவர் மனைவியையும் மக்களையும் நல்ல உடுப்பு உடுத்தி, ரெயில் மாறிக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அப்பா இருந்த வீடு என்று காட்ட. கறுப்புப் பெயின்ற் சுரண்டிய படிக்கட்டையும் கோபுரத்தையும் காட்டியிருக்கிறார்கள். பேஸ்மென்ற்றைப் பார்க்கலாமா, நான் அங்கேதான் இருந்தேன் என்று கேட்டிருக்கிறார். வீட்டைச் சுற்றிக் காட்டிய பெண் மிகவும் மரியாதையாக, மண்டபத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த படத்தைக் காட்டி, அங்கே பொயிலர்தான் இருக்கிறது, அதற்கு முன் ஸ்ரோர் ரூம், யாரும் குடியிருந்ததாக வரலாற்றில் இல்லை என்று சொல்லியிருக்கிறாள்.

"பொஞ்சாதி ஒண்டும் கேக்கல்ல. மூத்தவதான் ரெயிலுக்க கேட்டா, அப்ப அப்பா அந்த ஒன்பது வருசமும் எங்க இரிந்தீங்க எண்டு. நான் பொய் சொல்லல்ல எண்டு நீங்க ஒருக்கா வந்து சொல்லுவீங்களா, தம்பி?"

அன்று பின்னேரமே போனேன். சின்ன அப்பார்ட்மென்ற், துப்புரவாக இருந்தது. மனைவி தேநீர் தந்தா. மூத்தவளுக்குப் பதினேழு வயதிருக்கும், என் முகத்தை விட்டு அவள் கண் எடுக்கவில்லை. அப்பா அங்கேதான் இருந்தார், நான் கண்ணால் கண்டேன், அந்தப் படத்தைக் கீறியவன் நான்தான், பிழையாக எழுதிவிட்டேன் என்று சொன்னேன்.

"அப்ப ஏன் அங்கிள் அப்பிடி எழுதினீங்க?"

"உங்கட அப்பாவுக்கு உதவி எண்டு நினைச்சன், பிள்ளை."

மனைவி உள்ளே போய் ஒரு பிஸ்கட் தகரத்தைக் கொண்டுவந்து திறந்தா. ஒன்பது வருடக் கடிதங்கள். கோபுரம் வைத்த வீடு, எனக்கென்று தனி அறை, யன்னலால் பூமரம் தெரியும் என்று எழுதியிருக்கிறார். அந்த அறை எங்கே, யன்னல் எந்தப் பக்கம் என்று என்னிடம் கேட்டா. நான் பேனாவை எடுத்து ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் கீறத் தொடங்கினேன். பொயிலர் இங்கே, கதவு இங்கே, கட்டில் இந்தச் சுவரோடு, தலைமாடு இந்தப் பக்கம், சாமிப்படம், ஆணி. அறைக்குப் பெயர் போட வேண்டிய இடத்தில் சாமித்தம்பி என்று எழுதினேன். அந்த பேஸ்மென்ற்றின் சரியான படம் உலகத்தில் அது ஒன்றுதான். அளவு எனக்கு மறக்கவில்லை. கை நிற்காமல், வேலைப் பழக்கத்தில், நீளத்தையும் அகலத்தையும் அம்புக்குறி போட்டு அடி அங்குலமாக எழுதி, யன்னலின் உயரத்தையும் எழுதி அவவிடம் நீட்டினேன்.

அவ அதை விளக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தா. பிறகு எழுந்து, தாங்கள் இருந்த அந்தச் சின்ன வரவேற்பறையின் ஒரு சுவரிலிருந்து மற்றச் சுவர்வரை அடியடியாக நடந்து பார்த்தா. பாதியில் நின்றுவிட்டா.

"இவ்வளவு சின்னதா?"

நான் செய்ததை அப்போதுதான் கண்டேன். ஒன்பது வருடம் அந்த மனிதன் கடிதம் கடிதமாக அவவிடமிருந்து மறைத்து வைத்திருந்த ஒன்றை, நான் அளவோடு கீறிக் கையில் கொடுத்திருந்தேன்.

சாமித்தம்பி அண்ணை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒராள் படுக்க அவ்வளவு காணும்தானே," என்றார்.